டோரியைப் பார்த்தவர்கள் மீனை வாங்கிக் குவித்தார்களா?

பேசும் மீன்களின் சாகசக் கதையான ‘ஃபைண்டிங் டோரி’ 2016-இல் வெளியானதும், பிள்ளைகள் அடம்பிடித்ததால் பெற்றோர் டோரியின் இனமான நீல டாங் மீன்களை வாங்கிக் குவித்தார்கள் என்றும், அந்த இனமே இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது என்றும் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் பகிரப்படுகிறது. இதில் இரண்டு கூற்றுகளுமே தவறானவை.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டியோகோ வெரிசிமோ உள்ளிட்ட ஆய்வாளர்கள், இணையத் தேடல்களையும் அமெரிக்காவுக்கான இறக்குமதிக் கணக்குகளையும் ஒப்பிட்டு 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படம் வந்த சில வாரங்களில் தேடல் கூடியதே தவிர, இறக்குமதி குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. ஆர்வம் வேறு, கடைக்குப் போய்ப் பணம் கொடுப்பது வேறு. செய்தியைப் பரப்பியவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் செம்பட்டியலிலும் இந்த மீன் அழியும் இனமாக இல்லை. கவலை குறைந்த இனமாகவே இடம்பெற்றிருக்கிறது.

ஆனாலும் வதந்திக்கு அடியில் உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. ‘ஃபைண்டிங் நெமோ’ படத்தில் வரும் நெமோ வகைக் கோமாளி மீன், கடற்சாமந்தி என்ற பூப்போன்ற கடல் உயிரியை ஒட்டிய பாறையில் முட்டையிட, ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஆகவே தொட்டியிலேயே அதை இனப்பெருக்கம் செய்து வளர்ப்பது எளிது. நீல டாங் மீனோ முட்டைகளைத் திறந்த நீரில் விட்டுவிடும், குஞ்சுகளும் மிக நுண்ணியவை. புளோரிடா பல்கலைக்கழகத்தார் 2016-இல்தான் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டினார்கள். அதனால், விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி பவளப்பாறைகளிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்படுபவையே.