மாமாவோட நானூறு டாலர் கால்குலேட்டர்

அக்கா: டேய் என்னடா இது, மாமா கால்குலேட்டர இப்படி குடல உருவி பேப்பர்ல பரப்பி வச்சிருக்க, வாக்கிங் போன மனுஷன் இப்ப வந்துருவாருடா!

தம்பி: அவர்தான்க்கா பாக்கச் சொன்னாரு. 5 அமுக்கினா 55 விழுதாம். கீக்கு அடியில குட்டித் தகடு இருக்கு பாரு, அமுக்கினா டிக்குனு உள்வாங்கி கீழத் தொடணும், இவரு மூக்குப்பொடி போட்ட கையோட கணக்குப் போட்டு அழுக்கேறி, ஒரு அமுக்குக்கு ரெண்டு தடவ தொட்டுட்டு வருது.

அக்கா: அதான் பால்காரன் என்னப் பாத்தாலே அப்படிச் சிரிக்கிறானா! சரி, மெஷின் எங்க?

தம்பி: எந்த மெஷின்?

அக்கா: சைன், காஸ், லாக்னு என்னென்னமோ போடுமே, அதுக்கு உள்ள ஒண்ணு இருக்கணும்ல. தொலைச்சிட்டியா?

தம்பி: இதான்க்கா. பூரான் மாதிரி கால் வச்சிருக்கே, இந்த ஒத்த சிப்பு.

அக்கா: அவ்ளோதானா?!

தம்பி: மிச்சம் 9 வோல்ட் பேட்டரி கிளிப்பு, கீபோர்டு, டிஸ்ப்ளே. அந்த செவப்பு எல்இடி நம்பரெல்லாம் நெஜத்துல பொடிசு, மேல பிளாஸ்டிக் லென்ஸ் வச்சு பெருசாக் காட்டுறான். அதுவும் எல்லாம் ஒண்ணா எரியாது, பகுதி பகுதியா வேகமா மாறி மாறி எரியும், நம்ம கண்ணுதான் மொத்தமா எரியுதுன்னு ஏமாறும்.

அக்கா: இல்லாதத பெருசாக் காட்டுறதா... வச்சிருக்கறவருக்குப் பொருத்தம்தான். நானூறு டாலர்னாரேடா!

தம்பி: நானூறா? அது ஹெச்பி-35ங்கற வேற கால்குலேட்டர்க்கா, 1972ல 395 டாலர். இது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸோட டிஐ-30, 1976ல வந்தது, 25 டாலர்தான். எல்லாத்தையும் ஒரே சிப்புல அடக்கிட்டான்ல, அதான் சல்லிசு.

அக்கா: இருபத்தஞ்சா! பொண்ணு பாக்க வந்தப்ப இத சட்டப்பையில துருத்திக்கிட்டு வந்து உக்காந்தாருடா, நம்ம அப்பா நானூறு டாலர் சாமானப் பாத்துட்டு ஜாதகத்தக்கூட சரியாப் பாக்கல!

தம்பி: ஐயோ கேட் சத்தம். நகரு, மூடிடறேன்.

அக்கா: பேட்டரிய மாட்டிக் குடு. 395ல 25 போனா எவ்ளோன்னு அவரையே அமுக்கச் சொல்றேன்.

தம்பி: இன்னும் க்ளீன் பண்ணலக்கா, 3955ல 255 போகும், 3700னு காட்டும்.

அக்கா: காட்டட்டும். இத்தன வருஷ வட்டி சேத்தா சரியாத்தான் இருக்கும்.