நாய்க்கும் கல்லறைக்கும் உண்டு, நாளிதழின் சுதந்திரத்துக்கு இல்லை

"இந்தப் பணத்தை என் மகளுக்காக வைத்திருங்கள்" என்று ஒருவர் உயில் எழுதினால் இங்கிலாந்துச் சட்டம் ஏற்கும். "ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு" என்றாலும் ஏற்கும்; அது அறப்பணி, கண்காணிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் இருக்கிறார். ஒருவருடைய பொறுப்பில் சொத்தை ஒப்படைத்து, இன்னாருக்காக அல்லது இன்ன நோக்கத்துக்காகப் பயன்படுத்தச் சொல்லும் ஏற்பாடுதான் டிரஸ்ட்; பொறுப்பேற்பவர் டிரஸ்டி. இரண்டிலும் சேராத ஒரு நோக்கத்துக்கு டிரஸ்ட் அமைத்தால் பெரும்பாலும் செல்லாது. இந்த விதி மாற வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

விதியின் வேர் நியாயமானது. டர்ஹாம் பிஷப் வழக்கில் 1804-இல் நீதிபதி சர் வில்லியம் கிராண்ட் சொன்னது இதுதான்: நீதிமன்றம் யாருக்குச் சாதகமாக ஆணையிட முடியுமோ, அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும். மறு ஆண்டே மேல்முறையீட்டில் லார்ட் எல்டன் அதை உறுதி செய்தார். தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் டிரஸ்டி பணத்தை என்ன செய்தாலும் கேள்வி எழாது.

ஆனால் அந்த விதி எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். ஆஸ்டர் குடும்பம் 1945-இல் 'தி அப்சர்வர்' பத்திரிகையின் பங்குகளை ஒரு டிரஸ்டில் வைத்தது. நாடுகளுக்கிடையே நல்லிணக்கம், பத்திரிகைகளின் சுதந்திரம், நேர்மை ஆகியவை நோக்கங்கள். 1952-இல் நீதிபதி ராக்ஸ்பர்க் அதைச் செல்லாது என்றார். பயனாளி இல்லை, நோக்கங்களும் தெளிவாக இல்லை என்பது காரணம். 1889-இல் அதே நாட்டு நீதிமன்றம் ஒருவருடைய குதிரைகளையும் வேட்டை நாய்களையும் பராமரிக்க ஆண்டுக்கு 750 பவுண்டு ஒதுக்கியதை ஏற்றிருக்கிறது. கல்லறைப் பராமரிப்புக்கும் 21 ஆண்டு வரை அனுமதி உண்டு. மனித பலவீனத்துக்கும் உணர்ச்சிக்கும் காட்டிய சலுகை என்று இவற்றுக்கு விளக்கம் சொன்னவரும் ராக்ஸ்பர்க்தான். குதிரை நீதிமன்றத்துக்கு வந்து கேள்வி கேட்காது என்பது 1889-லும் தெரிந்ததுதானே!

பெர்னார்ட் ஷாவின் உயில் இன்னும் வருத்தம் தருவது. ஆங்கிலத்துக்குக் குறைந்தது 40 எழுத்துகள் கொண்ட புதிய நெடுங்கணக்கு வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்குச் சொத்தில் பங்கு ஒதுக்கினார். 1957-இல் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பிறகு சமரசத்தில் அந்த வேலைக்கு 8,300 பவுண்டு கிடைத்தது. அந்த எழுத்தில் அவருடைய நாடகம் ஒன்று 1962-இல் அச்சாகவும் செய்தது. டிரஸ்டி செய்யத் தயாராக இருந்த, செய்யவும் முடிந்த வேலையைச் சட்டம் ஏன் தடுக்க வேண்டும்?

சொத்து தலைமுறை தலைமுறையாக முடங்கும் என்ற அச்சம் வேறு. அதை நான் மதிக்கிறேன். நம் பக்கத்திலும் அது உண்டு. கணவரின் சமாதியில் நிரந்தரமாகப் பூசை நடக்க ஒரு பெண் எழுதிவைத்த சொத்து பற்றிய வழக்கு சென்னை மாகாணத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1953-இல் அந்த ஏற்பாடு செல்லாது என்றாயிற்று. ஆனால் நிரந்தரம்தான் குறை என்றால், அதற்கு மருந்து காலவரம்பு.

ஆளில்லாத குறைக்கும் மருந்து தெரிந்ததே. டிரஸ்ட் பத்திரத்திலேயே கண்காணிப்பாளர் ஒருவரை நியமித்து, வழக்குத் தொடுக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்துவிடலாம். பிரிட்டனைச் சார்ந்த, ஆனால் தனிச் சட்டம் கொண்ட தீவுகளான பெர்முடா 1989-இலும் ஜெர்சி 1996-இலும் கேமன் தீவுகள் 1997-இலும் இத்தகைய டிரஸ்டுகளுக்குச் சட்டம் இயற்றின. அங்கே இவை பெரும்பாலும் நிறுவனங்களின் பங்குகளை யாருக்கும் சொந்தமில்லாததுபோல் வைத்திருக்கப் பயன்படுவது எனக்குக் கவலை தருகிறது. அதற்காகத்தான் வெளிப்படையான பதிவும் கட்டாயமாக வேண்டும் என்கிறேன். இன்றைய நிலையில் வசதி படைத்தவர் தீவுக்குப் போய்ச் செய்துகொள்கிறார். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு சிற்றூரில் தனக்கு ஒரு பயனுள்ள நினைவுச்சின்னம் வேண்டும் என்று சொத்தை ஊர் மன்றத்துக்கு எழுதிவைத்த எண்டகாட் என்பவருக்கு அப்பீல் நீதிமன்றம் கதவைச் சாத்தியது.

2009-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் டிரஸ்டுகளுக்கான பொதுவான காலவரம்பை 125 ஆண்டாக்கியபோது, இந்த வகை டிரஸ்டுகளின் பழைய விதியை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. பெயர் சொல்லி நியமித்த கண்காணிப்பாளர், 21 ஆண்டு வரம்பு, மீதிப் பணம் யாருக்கு என்ற தெளிவு, பொதுப் பதிவேடு: இந்த நான்கையும் சேர்த்து ஒரு சிறிய திருத்தம் கொண்டுவந்தால் போதும்.