‘தமிழ் உண்டு’ என்றால் எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரில் பாலர் பள்ளி தேடுவோர் எதைப் பார்க்கவேண்டும் என்ற உங்கள் பதிவில் கட்டணத்தையும் தூரத்தையும் மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். தமிழ்க் குடும்பங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி வேறு: தமிழாசிரியர் தினமும் இருப்பாரா, வந்துபோகிறவரா? விளம்பரத்தில் ‘தாய்மொழி உண்டு’ என்றிருக்கும். சில தனியார் நிலையங்களில் போதிய பிள்ளைகள் சேர்ந்தால்தான் தமிழ் வகுப்பு. சேராவிட்டால் குழந்தை சீன வகுப்பில் உட்காரும். குறைந்தபட்சம் எத்தனை பேர் வேண்டும், கே1, கே2 (ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்புகள்) இரண்டையும் ஒன்றாக வைத்து நடத்துகிறார்களா என்று முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்.

கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் உண்டு. தாய்மொழிக்குத் தினமும் ஒரு மணி நேரம். ஆனால் அங்கே வகுப்பு நாளுக்கு 4 மணி நேரந்தான். இருவரும் வேலைக்குப் போகும் வீடென்றால் மீதி நேரப் பராமரிப்புக்குத் தனியாகப் பதிய வேண்டும், தனியாகக் கட்ட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான். கே1 பதிவும் முந்தைய ஆண்டிலேயே, பிள்ளைக்கு நாலு வயது நடக்கும்போதே, முடிந்துவிடும்.

நேரில் போனால் தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில் போங்கள். ஆசிரியர் பிள்ளைகளோடு தமிழில் பேசுகிறாரா, எழுத்தட்டையை மட்டும் நீட்டுகிறாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சுவரில் ஒட்டிய கோலப்படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்!