ஆறு எம்பிக்கள் இருக்கினம், எங்கட எம்பி ஆர்?

போன கிழமை முல்லைத்தீவில் எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில், குளக்கட்டில் விழுந்திருக்கும் வெடிப்பைப் பற்றிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுவம் என்று முடிவெடுத்தோம். செயலாளர் கொப்பியை விரித்து "மதிப்புக்குரிய ஐயா" என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஆருக்கு அண்ணை எழுதிறது?" ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கடைசியில் ஒரு முதியவர், "ஆறு பேருக்கும் ஒவ்வொரு பிரதி போடு தம்பி" என்றார். அப்படியே போட்டோம்.

அன்றிலிருந்து இது எனக்கு மண்டைக்குள் நிற்கிறது. 1977 தேர்தலில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் தனித்தனித் தொகுதிகள், தொகுதிக்கு ஒரு எம்பி. 1978 யாப்போடு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம் ஆனது, இப்போது மூன்றுக்கும் பொதுவாக ஆறு எம்பிக்கள். 2024 இல் முல்லைத்தீவில் சுமார் 87 ஆயிரம் வாக்காளர், வவுனியாவில் 1 இலட்சத்து 28 ஆயிரத்துக்கு மேல். கட்சிப் பட்டியலுக்குள் ஆளைத் தெரிவதற்குப் போடும் விருப்பு வாக்கு மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்துத்தான் எண்ணப்படுகிறது. அப்போ எங்கள் பக்கத்து வேட்பாளர் வெல்ல வேண்டுமென்றால் மன்னார்ப் பக்கம் மடுவிலும் வவுனியாப் பக்கம் செட்டிகுளத்திலும் போய் வாக்குக் கேட்க வேண்டும், அதற்கு வாகனமும் காசும் வேண்டும், அது இருக்கிறவர்தான் மேலே வருவார்.

இதைச் சொன்னால் உடனே "பழைய தொகுதி முறைக்கே போவம்" என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி சுதந்திரக் கட்சியைவிடக் கூடுதல் வாக்கு எடுத்தும் 17 ஆசனம்தான், சுதந்திரக் கட்சிக்கு 91. 1977 இல் அது தலைகீழாகி, சுமார் 51 வீத வாக்குக்கு ஐதேகவுக்கு 168 இல் 140. அதே தேர்தலில் கிட்டத்தட்ட 30 வீதம் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8, ஏழு வீதம்கூட எட்டாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது எங்களுக்குப் பெருமைதான், ஆனால் கணக்கு நியாயமானதல்ல. எங்கள் மூன்று தொகுதியையும் கூட்டணியே எடுத்தது. இங்கே வாழும் முஸ்லிம்களும் சிங்களவரும் வேறு யாருக்குப் போட்டிருந்தாலும் அந்த வாக்குக்கு இங்கிருந்து ஒரு ஆசனமும் இல்லை. எங்களுக்கு நாட்டில் நடந்தால் அநியாயம், நாங்கள் வன்னியில் செய்தால் வெற்றியா? எனக்கு அது ஒத்துவராது.

சரி, வாக்கு வீதப்படி ஆசனம் பிரிக்கிற இப்போதைய விகிதாசாரம் நியாயமா? 2024 இல் வன்னியில் முதலிடம் வந்த தேசிய மக்கள் சக்தி எடுத்தது சுமார் 20 வீதம், கிடைத்தது ஆறில் இரண்டு. அதில் ஒன்று, முதலிடம் வருகிற கட்சிக்குப் போகும் போனஸ். செல்லுபடியான வாக்குகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரு ஆசனமும் எடுக்காத பட்டியல்களுக்குப் போனது. இதற்கு முறையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பட்டியலுக்கு ஒன்பது பெயர் என்று எங்கள் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் பிரிந்து நின்றன, வாக்குச்சீட்டை விரித்த என் சித்தி "இது என்ன பிள்ளை, பாய் மாதிரிக் கிடக்கு" என்றார். தெரிந்த சின்னத்தைத் தேடி எடுக்கவே அவருக்கு நேரம் போய்விட்டது, விருப்பு இலக்கம் போடாமலே மடித்துப் போட்டுவிட்டு வந்தார்.

வடக்கு மாகாண சபையில் முல்லைத்தீவுக்கென்றே ஐந்து ஆசனம் இருந்தது. 2013 இல் வாக்களித்தோம், 2018 இல் காலம் முடிந்தது, அதன் பிறகு அந்தத் தேர்தலே இல்லை. எங்கள் மாவட்டத்துக்கென்று பேச ஆட்களைத் தந்த ஒரே முறையைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இதைப் பேசாமல் தேர்தல் சீர்திருத்தம் பேசுவதில் என்ன இருக்கிறது?

என் எண்ணம் இதுதான். வன்னியின் ஆறில் மூன்றை மூன்று தொகுதிக்கும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மிச்ச மூன்றையும், வன்னித் தேர்தல் மாவட்டம் முழுக்க எடுத்த வாக்குக்குக் குறைவாக ஆசனம் கிடைத்த கட்சிகளுக்குக் கொடுத்துச் சரிக்கட்டுங்கள். போனஸை எடுத்துவிடுங்கள். வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த பிரதேச சபைக் கலப்பு முறையில் உறுப்பினர் தொகை ஏறிப்போனது உண்மை, அதனால் ஆறு என்பது ஆறாகவே நிற்கும்படி சட்டம் எழுத வேண்டும்.

இன்னொன்று. கிளிநொச்சியும் வன்னி நிலப்பரப்பில்தான் கிடக்கிறது, வாக்கு மட்டும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு. முல்லைத்தீவு மாவட்டத்து மாங்குளச் சந்தியில் நிற்கிறவனுக்கும் கிளிநொச்சி மாவட்டத்து இரணைமடுச் சந்தியில் நிற்கிறவனுக்கும் ஒரே ஏ9, ஒரே யானைப் பிரச்சினை, வேறு வேறு எம்பிமார். கிளிநொச்சி ஆட்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்? கீழே எழுதுங்கோ.