ரோசன்பெர்க் என்றால் யூதர்தானா?

ஜெர்மன் மாதிரி ஒலிக்கிற ஒரு பெயரைப் பார்த்தவுடனே "யூதர்தான், பெயரைப் பார்த்தாலே தெரியுதே" என்று கமெண்ட் போடுகிறவர்களை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ரோசன்பெர்க் என்ற ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ரோஜா மலை, அவ்வளவுதான் அர்த்தம். முதலில் அது ஊர்ப்பெயர். இன்று போலந்தில் இருக்கும் ஒலெஸ்னோ, ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ருசோம்பெரோக் இரண்டுக்குமே ஜெர்மனில் ரோசன்பெர்க் என்றுதான் பெயர். இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொகீமியாவில் ஐந்து இதழ் ரோஜாவைக் குலச் சின்னமாக வைத்திருந்த ரோசன்பெர்க் பிரபுக்கள் 1611இல் வாரிசில்லாமல் போகும்வரை கொடிகட்டிப் பறந்தார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள். ஸ்வீடன்காரர்களிலும் இந்தப் பெயர் உண்டு.

சரி, யூதர்களுக்கு எப்படி வந்தது? மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் பெரும்பாலான யூதர்களுக்கு அந்தக் காலத்தில் பரம்பரைக் குடும்பப் பெயரே கிடையாது, இன்னாருடைய மகன் இன்னார் என்பதோடு சரி. வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் அரசுகளுக்கு அது தோதுப்படவில்லை. ஆஸ்திரியாவின் இரண்டாம் ஜோசப் 1787இல், ருஷ்யா 1804இல், நெப்போலியன் 1808இல், பிரஷ்யா 1812இல் என்று வரிசையாகக் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது சிலர் ஊர்ப்பெயரை எடுத்தார்கள், சிலர் காதுக்கு அழகாக இருந்ததை எடுத்தார்கள். (லஞ்சம் கொடுத்தவருக்கு ரோஜா, கொடுக்காதவருக்கு அசிங்கமான பெயர் என்றொரு கதை சுற்றுகிறது, பொதுவிதியாக அதை நான் நம்புவதில்லை.)

பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது நாஜிகளுக்கே தெரியும். 1935 நியூரம்பெர்க் சட்டங்கள், யார் யூதர் என்று முடிவுசெய்ய, தாத்தா பாட்டிகளின் மதத்தைத்தான் பார்த்தன, குடும்பப் பெயரை இல்லை. 1938இல் இன்னொரு உத்தரவு: அரசு வெளியிட்ட யூதப் பெயர்ப் பட்டியலில் இல்லாத முதற்பெயர் வைத்திருந்த யூத ஆண்கள் "இஸ்ரேல்" என்றும் பெண்கள் "சாரா" என்றும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பார்த்தாலே தெரிந்திருந்தால் இது எதற்கு?

அந்த நாஜிக் கட்சியின் இனவெறிக் கொள்கையை எழுத்தில் வடித்தவனின் பெயரே ஆல்ஃபிரட் ரோசன்பெர்க். இன்றைய எஸ்டோனியாவின் தாலினில் 1893இல் பிறந்த ஜெர்மானியன், 1946இல் நியூரம்பெர்கில் தூக்கிலிடப்பட்டான். போர்க்காலத்தில் யூதர்களின் ஓவியங்களையும் நூலகங்களையும் கொள்ளையடிக்க ஒரு தனி அமைப்பே அவன் பெயரில் இயங்கியது. அது பாரிஸில் சூறையாடிய வீடுகளில், பிக்காஸோ, மத்தீஸ் ஓவியங்களை விற்றுவந்த யூத வணிகர் ஒருவருடையதும் உண்டு. அவர் பெயர் பால் ரோசன்பெர்க்! கொள்ளையடித்த அமைப்புக்கும் பறிகொடுத்த குடும்பத்துக்கும் ஒரே பெயர். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பால் 1940இலேயே நியூயார்க்குக்குத் தப்பிவிட்டார். மகன் அலெக்ஸாந்தர், ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்ட சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். 1944 ஆகஸ்டில், பாரிஸுக்குப் பக்கத்தில் ஜெர்மனிக்குக் கிளம்பிய ஒரு சரக்கு ரயிலை அவரும் கூட இருந்த வீரர்களும் மடக்கினார்கள். வண்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓவியங்கள், அவற்றில் பல அவருடைய அப்பாவின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தவை.