பாக்கெட்ல போட்ட அளவ அப்படியே நம்பாதீங்க

நாயோட எடைக்கு எவ்ளோ சாப்பாடுன்னு நாய் உணவு பாக்கெட் பின்னாடி இருக்கறத பாத்து போட்டா போதும்னு நாய் வளர்ப்பு பத்தி நான் படிச்ச ஒரு கட்டுரைல இருக்கு, அங்கதான் நாங்க தப்பு பண்ணோம். எங்க லாப்ரடார் ஃபிளாட்ல வளர்றவன், ரெண்டு வேளை வாக்கிங் தவிர ஓட்டமே கிடையாது, கருத்தடை ஆபரேஷனும் ஆச்சு, அதுக்கப்புறம் தேவை குறையும்னு தெரியாம அதே அளவு போட்டு, மேல தயிர்சாதம், பிஸ்கட்னு குடுத்து 38 கிலோ ஆயிட்டான், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குச்சு. டாக்டர் என் கைய எடுத்து அவன் விலா மேல வச்சு அழுத்தச் சொன்னாங்க, எலும்பே தட்டுப்படல. நம்ம புறங்கைய தடவுனா விரலெலும்பு எப்படி தெரியுதோ அப்படி தெரியணுமாம். இருக்கற எடைக்கு இல்ல, இருக்க வேண்டிய 30 கிலோவுக்கு கணக்கு போட்டு ஒரு நாளைக்கு சுமார் 900 கலோரின்னு வச்சாங்க, பிஸ்கட்டும் அதுக்குள்ளதான், பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. டம்ளர்ல அள்ளாம தராசுல நிறுத்து போடுங்க, ஒரு கை கூடுனாலே கணக்கு மாறிடும். லாப்ரடார்ல கொஞ்சம் நாய்ங்களுக்கு பசி அடங்காத மரபணு மாற்றமே இருக்குன்னு 2016ல கண்டுபிடிச்சிருக்காங்க, அதனால அது பாக்கற பார்வைக்கு இரங்கி தட்டுல போடாதீங்க ப்ளீஸ். ஆறு மாசத்துல 33க்கு வந்துட்டான், இப்ப லிஃப்ட்டுக்கு நிக்காம படியிலயே இறங்கி ஓடறான்.