அம்பேத்கர் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்பவர்களுக்கு

அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 நெருங்கினால் சென்னையில் பள்ளி வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே பேச்சு சுற்ற ஆரம்பித்துவிடும். "ஏழைக் குடும்பத்தில் பிறந்தார், தெருவிளக்கில் படித்தார், தனியாளாக அரசியல் சட்டம் எழுதினார், நன்றி வணக்கம்." பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு இறங்கிவிடும். அம்பேத்கருக்கு என்ன நடந்தது என்பது மட்டும் அதில் இருக்காது.

தெருவிளக்கை முதலில் அணைத்துவிடலாம். அது நம்ம உயர் நீதிமன்றத்தில் சிலையாக உட்கார்ந்திருக்கும் நீதிபதி முத்துசாமி ஐயரைப் பற்றிச் சொல்லும் கதை. யாரோ இடம் மாற்றிவிட்டார்கள்.

வறுமைக் கதைதான் பெரிய சிக்கல். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். வசதி குறைவுதான், ஆனால் அந்தப் பையன் பட்டபாட்டுக்குக் காரணம் காசு இல்லாதது அல்ல, சாதி. இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பலர் வறுமை என்று மழுப்புகிறார்கள். குழந்தைக்குப் புரியாது என்பது சாக்கு. 1901 வாக்கில் நடந்ததாக அவரே எழுதிவைத்த ஒரு சம்பவம் போதும், எட்டு வயதுக் குழந்தைக்கும் விளங்கும்.

கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அம்பேத்கரோடு சேர்த்து நான்கு பிள்ளைகள் ரயிலில் வந்து மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, கையில் காசு, சாப்பாட்டு டப்பா எல்லாம் இருக்கிறது. பரிவாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகர் சாதி என்று கேட்டதும் முகம் மாறி விலகிப்போகிறார். இரட்டை வாடகை தருகிறோம் என்றாலும் வண்டிக்காரர்கள் வரவில்லை. கடைசியில் ஒருவர் ஒத்துக்கொள்கிறார். மாட்டைப் பிள்ளைகளே ஓட்டவேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார்! ராத்திரி சுங்கச்சாவடியில் கேட்டும் தண்ணீர் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் சாப்பாடும் இறங்கவில்லை.

இதைச் சொல்லும்போது இரட்டை வாடகையை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் மறுபடியும் ஏழைப் பையன் கதையாகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் அவர் உட்காரத் தனிச் சாக்கு. கூட்டுகிற ஆள்கூட அதைத் தொடமாட்டார். சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிப்போய்க் காலையில் கொண்டுவரவேண்டும். இதை வகுப்பில் நாடகமாகப் போடவேண்டாம். யாரைச் சாக்கில் உட்காரவைப்பீர்கள்? அந்தப் பிள்ளைக்கு அந்தப் பெயர் வருஷம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். வாயால் சொன்னாலே போதும்.

சட்டம் எழுதிய பகுதி. அவர் தலைமை தாங்கிய வரைவுக் குழுவில் ஏழு பேர். மயிலாப்பூரில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் என். கோபாலசாமி ஐயங்காரும் அதில் உண்டு. முதல் வரைவைத் தயாரித்தவர் அரசியல் சட்ட ஆலோசகர் பி. என். ராவ். மூலப் பிரதியை அழகான கையெழுத்தில் எழுதியது பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. அப்படியானால் அம்பேத்கர் என்ன செய்தார் என்று பிள்ளை கேட்கும், கேட்கட்டும். அரசியல் நிர்ணய சபையில் முன்வைக்கப்பட்ட 2,473 திருத்தங்களுக்கு நடுவே நின்று, எது வேண்டும், எது கூடாது, ஏன் என்று வாதாடி அந்த வரைவைக் கரைசேர்த்தவர் அவர். குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று 1948 நவம்பரில் அந்தச் சபையிலேயே சொன்னவர் நம்ம டி. டி. கிருஷ்ணமாச்சாரி.

மூன்று நிமிஷப் பேச்சு என்றால் மாட்டுவண்டிக்கு ஒன்றரை நிமிஷம் கொடுங்கள். கொலம்பியா, லண்டன் பட்டப் பட்டியல் ஒரு வரி போதும். பிள்ளைகள் திக்குவது அங்கேதான். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த மகாடு ஊர்க் குளத்தில் 1927இல் அவர் இறங்கித் தண்ணீர் குடித்ததை வண்டிக்கதைக்கு அடுத்தே வையுங்கள். சாவடியில் கிடைக்காத தண்ணீர் பிள்ளைக்குத் தானாக ஞாபகம் வரும்.

நீலக் கோட்டும் கண்ணாடியும் வாடகைக்கு எடுத்தால், கண்ணாடியில் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். பவர் இருந்தால் மேடைப் படியில் பிள்ளை தடுமாறும்.